கிணற்றடிப் படம்

ராஜினிக்கு அந்த வேலை கிடைத்தபோது அவளுடைய அம்மா கமலாட்சி பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டிலிருந்து கதிரையில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிற முதல் ஆள் ராஜினிதான். அப்பா ஆண்டியப்பனின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. வந்த நாளிலிருந்து யாருடைய வயலிலாவது குனிந்து நின்றே அவர்கள் காலம் போயிற்று. ராஜினி உயர்தரம் முடித்து, கிளிநொச்சியில் இலவசமாக நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் வீடியோ வெட்டி ஒட்டப் பழகினாள். பயிற்சி முடிந்த கையோடு சுமன் அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

சுமனுக்கு யூடியூப்பில் ஒரு சனல் இருந்தது. கஷ்டப்பட்ட குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுப்பான். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் அதைப் பார்த்துவிட்டு உதவுவார்கள். ஒரு வீட்டுக்குக் கூரைத் தகரம் கிடைக்கும், இன்னொரு வீட்டுக்கு இரண்டு ஆடு கிடைக்கும். கொடுக்கும்போதும் கமரா கூடப் போகும். ஏ9 வீதியோரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவனுடைய அலுவலகம் இருந்தது. சுமன் கதைப்பான், கிருசாந்தன் கமரா பிடிப்பான், ராஜினி வெட்டுவாள்.

வெட்டுவதைவிடப் பெரிய வேலை தம்நெயில் போடுவது. வீடியோவைத் தொடுவதற்கு முன்னால் போனில் தெரிகிற ஒற்றைப் படத்துக்குத்தான் அந்தப் பெயர். அது சரியாக அமைந்தால்தான் சனம் தொடும். தொடக்கத்தில் ராஜினி தனக்குப் பட்டபடி போட்டாள். மகனைத் தொலைத்த ஒரு அம்மாவின் முகம், பொக்கை வாயால் சிரிக்கும் ஒரு ஐயா, அடுப்பு எரியாத குசினி. பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

"நல்ல படம்தான் தங்கச்சி," என்றான் சுமன். "ஆனா ஆர் நிண்டு பாக்கப் போகினம்?"

அவன் ஒருநாளும் கூடாத சொல் எதையும் சொன்னதில்லை. "வடிவா வாற இடத்தில நிப்பாட்டுங்கோ" என்பான். "கண் போய் நிக்கிற இடம் ஒண்டு இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கோ" என்பான். அதிகம் பேர் பார்த்த வேறு சனல்களின் படங்களை வரிசையாகத் திறந்து காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பான். ராஜினி பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கிவிட்டது. எந்த வீடியோவிலும் ஒரு பெண் குனிகிற கணம் ஒன்று இருக்கும். கை தூக்குகிற கணம் இருக்கும். காற்றில் சேலைத் தலைப்பு விலகி, அவள் அதைப் பிடித்து இழுப்பதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கும். பேட்டி முழுவதும் அவள் அழுதுகொண்டிருந்தாலும் அந்த ஒரு கணம் இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

முதல் தடவை நிறுத்தியபோது கை கூசியது. அந்த வீடியோ ஒரே நாளில் ஏறிய வேகத்தைப் பார்த்துவிட்டு சுமன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். இரண்டாம் தடவை கூசவில்லை. பிறகு அது வேலையாகிவிட்டது. கீரை ஆய்கிறபோது கை தன்பாட்டில் இலையையும் தண்டையும் பிரிக்கிற மாதிரி, கண் தன்பாட்டில் பிரித்தது.

அந்தக் கண் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பஸ்ஸில் யாரோ ஒரு அக்கா மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால், ராஜினியின் மனம் அங்கே நின்று போகும். சந்தையில் மரக்கறிக்காரி குனிந்து தராசை எடுத்தாலும் நிற்கும். கோயிலில் விழுந்து கும்பிடுகிற பெண்களைப் பார்த்தாலும் அதுதான். ஆசையோ அருவருப்போ எதுவும் வரவில்லை. எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவள் தன்னையும் அப்படிப் பார்க்கத் தொடங்கினாள். அலுவலகத்தில் கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டுக்கொண்டாள். கீழே விழுந்த பேனையைக் குனிந்து எடுக்காமல் குந்தியிருந்து எடுத்தாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கிறபோதுதான் சுமனும் கிருசாந்தனும் முள்ளிவாய்க்காலுக்குப் போய் சாரங்காவைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

சாரங்காவுக்கு இருபத்தெட்டு வயது. கடலுக்குப் போன புருஷன் இரண்டு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து இறந்துபோனான். முன்பள்ளிக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை. சாரங்கா கடற்கரையில் கருவாடு போடுகிற வாடியில் மீன் வெட்டிக் காயப்போட்டுப் பிழைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டோடு கட்டத் தொடங்கிய கக்கூசு பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. அதற்கு ஒரு கூரையும் கதவும் வேண்டும். "பிள்ளையும் வளருது. நானும் ஒரு பொம்பிளை. விடிய முதல் எழும்பிப் பத்தைக் காட்டுக்குப் போகவேண்டிக் கிடக்கு தம்பி," என்று கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

எடுத்த வீடியோ முழுவதையும் ராஜினி ஒருமுறை ஓட விட்டுப் பார்த்தாள். பேட்டிக்குப் பிறகு சுமனின் குரல் கேட்டது. "அக்கா, சும்மா கிணத்தடியில வேலை செய்யிற மாதிரி ஒருக்கா நில்லுங்கோ." சாரங்கா நைட்டிக்கு மேலே தோளைச் சுற்றித் துவாய் போட்டிருந்தாள். வாளியைக் கையில் எடுத்தாள். "துவாயை எடுங்கோ அக்கா, வெளிச்சம் விழேல்லை," என்றான் சுமன். "அது கிடக்கட்டும் தம்பி," என்றாள் அவள். "ஒரு நிமிசம்தானே அக்கா. முகம் இருட்டாத் தெரிஞ்சா ஆர் உதவி செய்வினம்?" அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துவாயை எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். பிறகு குனிந்து தண்ணீர் அள்ளினாள்.

துவாய்க் கதையை ராஜினி வெட்டி எறிந்தாள். தண்ணீர் அள்ளும் இடத்தை மெதுவாக ஓடும்படி செய்தாள். கயிற்றை இழுத்து வாளி மேலே வருகிற நேரத்தில் நிறுத்தி, கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே படம் அமையும்படி பெரிதாக்கினாள். முகத்தில் பாதிதான் படத்துக்குள் வந்தது. மேலே சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டாள்: 'முள்ளிவாய்க்காலில் கிணற்றடியில் கண்ணீர்! இந்த இளம் பெண்ணின் ஏக்கம் என்ன?' ஊர்ப் பெயர் சுமன் சொல்லிப் போட்டது. அந்தப் பெயரைக் கண்டால் வெளிநாட்டில் இருக்கிற சனம் தொடாமல் போகாது என்று அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவளுடைய சொந்தச் சொற்கள். 'ஏக்கம்' என்ற சொல் கிடைத்தபோது வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

அந்தச் சனலில் அதுவரை எந்த வீடியோவும் அப்படி ஓடியதில்லை. கீழே கருத்துகள் வந்து குவிந்தன. சுமனைத் திட்டுகிறவற்றை மட்டும் அழிப்பது ராஜினியின் வேலை. அதனால் எல்லாவற்றையும் வாசித்தாள். 'அக்காவின்ரை நம்பர் தாங்கோ, நேரில உதவி செய்யிறன்.' 'இவவுக்கோ கஷ்டம்? பாத்தா தெரியேல்லையே.' 'ஏக்கத்தைத் தீர்க்க நான் வரட்டோ?' அவற்றில் சுமனைத் திட்டுகிறது எதுவும் இல்லை. அவள் கீழே தள்ளிக்கொண்டே போனாள். உதவி செய்ய விருப்பம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சுமன் சாரங்காவின் நம்பரை அனுப்பினான்.

உதவி வந்தது பொய்யில்லை. கனடாவில் இருந்த ஒரு குடும்பம் கக்கூசைக் கட்டி முடிக்க ஏற்றுக்கொண்டது. கூரை போட்டு, நீலக் கதவு பூட்டி, உள்ளே வெள்ளை மாபிள் பதித்து, கதவுக்குப் பக்கத்தில் சனலின் பெயரையும் உதவியவர்களின் பெயரையும் கல்லில் எழுதி வைத்தார்கள். சாரங்கா நாடா வெட்டித் திறந்து வைப்பதையும் படமாக்கிப் போட்டார்கள். அந்த வீடியோவில் அவள் துவாயைக் கழுத்து மூடச் சுற்றியிருந்தாள். அது அவ்வளவாக ஓடவில்லை.

ராஜினியின் தம்பி கிருபனுக்கு இருபது வயது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ் ஒன்றில் வேலை. பின்னேரங்களில் கூட்டாளிகளோடு வீட்டு வாசல் படலையடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ராஜினி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வளவில் புதிதாகக் கலியாணம் முடித்து வந்திருந்த பிரஷாந்தினி குடத்தோடு பொதுக் குழாயடிக்குப் போனாள்.

"டேய், கிணத்தடி போகுது," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கிருபனும் சிரித்தான். இன்னொருவன், "என்ன ஏக்கமோ தெரியேல்லை," என்று இழுத்துச் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. பிரஷாந்தினி திரும்பிப் பார்க்காமல் நடையைக் கூட்டினாள். அவளுடைய குடம் இடுப்பிலிருந்து வழுக்கி, அவள் அதைச் சரிசெய்த கணத்தில் ராஜினியின் மனம் ஒருமுறை நின்று போனது.

கூட்டாளிகள் போன பிறகு கேட்டாள். "அது என்ன கதை, கிணத்தடி எண்டு?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா பகிடி."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறவங்கள். டிக்டொக்கில பாட்டுப் போட்டு ஒண்டு வந்தது. இப்ப தண்ணி அள்ளப் போற ஆரைக் கண்டாலும் அப்பிடித்தான்." அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டு ஒன்றைச் சேர்த்துப் பரப்பியிருந்தார்கள்.

ராஜினி கூட்டிய குப்பையை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். அன்றைக்கும் வழமை போலச் சாப்பிட்டாள். வழமை போல நித்திரையும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சுமனும் கிருசாந்தனும் வவுனியாவுக்குப் போயிருந்த நேரம், சாரங்கா அலுவலகப் படியேறி வந்தாள். சேலை கட்டி, தலைப்பால் இரண்டு தோளையும் மூடியிருந்தாள். ராஜினிக்கு உடனே அடையாளம் தெரிந்தது. சாரங்காவுக்கு இவளைத் தெரியாது.

"சுமன் தம்பி இல்லையோ?"

"இல்லை அக்கா. பின்னேரம்தான் வருவார். இருங்கோ."

அவள் கதிரை நுனியில் இருந்தாள். ராஜினி தண்ணீர் கொடுத்தாள். சாரங்கா முதலில் கக்கூசைப் பற்றிச் சொன்னாள். நல்லாகக் கட்டித் தந்திருக்கிறார்கள், பிள்ளைக்குச் சரியான சந்தோசம், உதவி செய்த ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள்.

"பிள்ளை, அந்த வீடியோவை அழிச்சுப்போட ஏலுமோ?"

 சாரங்கா மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். வெளிநாட்டிலிருந்து ஆம்பிளைகள் அழைக்கிறார்கள். பிள்ளைக்கு உடுப்பு அனுப்புகிறேன் என்று தொடங்கி வீடியோவில் வா என்று முடிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் பெடியன்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று கிணற்றடியைப் பார்க்கிறார்கள். அதனால் இப்போது குளிப்பதற்குத் தாயின் வளவுக்குப் போகிறாள். வாடியில் கூட வேலை செய்த பெண்கள், இவளைப் பார்க்க ஆக்கள் வந்துபோனால் தங்களுக்கும் கெட்ட பெயர் என்று முதலாளியிடம் சொல்ல, முதலாளி கொஞ்ச நாளைக்கு வராதே என்றுவிட்டான். "முன்பள்ளியில பிள்ளையை விடப் போனா, வெளியில நிக்கிற பெடியள் போனைப் பாக்கிறாங்கள், பிறகு என்னைப் பாக்கிறாங்கள். திரும்பவும் போனைப் பாக்கிறாங்கள்."

அழுதுவிடுவாளோ என்று ராஜினி பார்த்தாள். அழவில்லை.

"அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. என்னட்டை இருக்கிறது பட்டன் போன். ஆரையும் காட்டச் சொல்லிக் கேக்க வெக்கமாக் கிடக்கு. நீங்கள் ஒருக்கா காட்டுவியளோ?"

ராஜினி கணினியில் திறந்து காட்டினாள். தம்நெயில் திரை முழுவதும் வந்து நின்றது. சாரங்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கீழே மருந்துக் கடையில் யாரோ மருந்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இது நானோ?" என்று கேட்டாள். பிறகு, "நான் தண்ணி தானே அள்ளினனான்," என்றாள்.

ராஜினி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"கமரா பிடிச்ச பெடியன் என்ரை முகத்தைப் பாத்துத்தான் பிடிச்சவன். நான் கவனிச்சனான். பிறகு ஆர் இதை இப்பிடி வெட்டினது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. கிருசாந்தன் என்று சொல்லியிருக்கலாம், யாழ்ப்பாணத்தில் வேறொருவர் என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் அக்கா," என்றாள் ராஜினி. துணிவு வந்து சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலாக இருந்தது.

"நீங்களோ?"

சாரங்கா அவளை முழுதாக ஒருமுறை பார்த்தாள். திட்டவில்லை. தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். "பொம்பிளைப் பிள்ளை ஒண்டு இஞ்சை வேலை செய்யுது எண்டு கேள்விப்பட்டுத்தான் ஆம்பிளையள் இல்லாத நேரமாப் பாத்து வந்தனான்," என்றாள்.

ராஜினி கணினிக்குத் திரும்பி வீடியோவை அழித்தாள். கணினியில் இருந்த மூலத்தையும் அழித்தாள். "எடுத்திட்டன் அக்கா."

"போயிட்டுதோ?"

"ஓம்."

"எல்லாற்றை போனிலை இருந்தும் போயிட்டுதோ?"

"இல்லை," என்றாள் ராஜினி.

சாரங்கா தலையாட்டினாள். போகும்போது, தேவையென்றால் அழையுங்கள் என்று ராஜினி தன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அவள் அதை வாங்கித் தன் சின்னப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாங்காமல் விட்டிருக்கலாம். ஒருவர் நீட்டியதை வாங்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பின்னேரம் சுமன் வந்து விசயத்தை அறிந்தான். சத்தம் போடவில்லை. "அவவுக்குக் கக்கூசு கட்டிக் குடுத்தனாங்கள் தங்கச்சி. வேறை ஆர் குடுத்தது? அரசாங்கமோ? ஊர்ச் சனமோ?" என்றான். அவனிடம் இன்னொரு பிரதி இருந்தது. அடுத்த நாள் அது திரும்பவும் ஏறியது. "இந்த வீடியோவை நாங்கள் எடுத்தாலும் மற்றவங்கள் போட்டுக்கொண்டுதான் இருப்பாங்கள்," என்று அவன் சொன்னது உண்மைதான். ராஜினி அன்றைக்கு வந்த வேறு வேலையை வெட்டினாள். தகப்பனும் மகளும் பேசுகிற ஒரு பேட்டி. தம்நெயிலுக்குத் தகப்பனின் முகத்தைப் போட்டாள். சுமன் பார்த்துவிட்டு, அவளை எழும்பச் சொல்லி, கதிரையில் தானே உட்கார்ந்து அதை மகளின் படமாக மாற்றினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முள்ளிவாய்க்காலுக்குப் போனாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில், கூட்டாளியின் கலியாணம் என்று சொல்லிவிட்டு நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பரந்தன் கடந்து, விசுவமடு கடந்து, புதுக்குடியிருப்பில் சனம் இறங்கியதும் பஸ் வெறிச்சென்றாகிவிட்டது. முள்ளிவாய்க்காலில் இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்தக் காணியையும் கிணற்றையும் அவள் ஊர்க்காரர்களைவிட அதிக தடவை பார்த்திருந்தாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. முன்வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சாரங்காவோ? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போயிட்டுது. மச்சாள் வீடாம்," என்றாள். எப்போது வருவாள் என்று தெரியாது என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நீலக் கதவுக்குப் பக்கத்தில் கல்லில் எழுதிய பெயர்கள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. ராஜினிக்குத் தாகம் எடுத்தது. கிணற்றுக் கட்டில் வாளியும் கயிறும் அப்படியே கிடந்தன. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேலியோரம் நின்றது. இரண்டு பெடியன்கள். கிருபனின் வயதிருக்கும்.

"அக்கா, இதுதானோ அந்தக் கிணறு?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"எந்தக் கிணறு?"

அவர்கள் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். "சும்மா அள்ளுங்கோ அக்கா. நாங்கள் பாக்கேல்லை."

கயிறு பாதியில் இருந்தது. விட்டால் வாளி கிணற்றுக்குள் விழும். இழுத்தால் குனிய வேண்டும். ராஜினி இழுத்தாள். அவர்கள் முகங்களில் கொடுமை எதுவும் தெரியவில்லை. கடைக்கு வந்து சாமான் கேட்கிறவர்கள் மாதிரித்தான் நின்றார்கள். அவள் வாளியைக் கட்டில் வைத்து, கையில் அள்ளிக் குடித்து, முகத்தையும் கழுவினாள். அவள் நிமிர்ந்தபோது மோட்டார் சைக்கிள் போய்விட்டிருந்தது. பஸ் வரும்வரை வீதியோரப் பனை நிழலில் நின்றாள்.

அந்தப் படம் வருவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. கிருபன் வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் குசினி வாசலில் நின்றான். போனை அவள் முன்னால் நீட்டினான். அவனுடைய கூட்டாளிகளின் குழு ஒன்றில் வந்திருந்தது. 'புதுக் கிணத்தடி' என்று எழுதியிருந்தார்கள்.

"இது நீயோ?"

ராஜினி பார்த்தாள்.   அவளுக்கு முதலில் தோன்றியது, கொஞ்சம் பிந்தி நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். கயிற்றை இன்னும் ஒரு பிடி இழுப்பதற்கு முன் நிறுத்தியிருந்தால் நல்லாக வந்திருக்கும். அந்த நினைப்பு வந்து போன பிறகு அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஓம்," என்றாள்.

"ஆரெண்டு சொல்லு. அவங்கடை காலை முறிக்கிறன்."

"அவங்கள் படம் எடுத்தவங்கள். நீயும் அதைப் பாத்திருப்பாய்தானே. அக்கா எண்டு தெரியிற வரைக்கும்."

கிருபன் நீட்டிய போனைக் கீழே இறக்கினான்.

"கிணத்தடி எண்டு முதல் எழுதினது நான்தான் தம்பி. ஏக்கம் எண்டதும் நான்தான். அந்த வீடியோவை வெட்டினது நான்."

அவன் அவளை நம்பாதவன் மாதிரிப் பார்த்தான். பிறகு போனைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனான். கமலாட்சி அடுப்படியிலிருந்து, "என்னா புள்ள, ரெண்டு பேருக்கும் சண்டையா? அவன் சாப்பிடாம போறானே," என்றாள். "சண்டை இல்லம்மா," என்றாள் ராஜினி. அதன் பிறகு வெகு நாளைக்கு கிருபன் அவளோடு கதைக்கவில்லை. படலையடியில் கூட்டாளிகள் கூடுவது நின்றது. வேறு எங்கோ கூடினார்கள்.

மாத முடிவில் அவள் வேலையை விட்டாள். சுமன் தடுக்கவில்லை. அவளுக்குப் பதிலாக அதே பயிற்சி வகுப்பு முடித்த ஒரு பிள்ளையை எடுத்திருந்தான். அம்மா சில நாள் அழுதாள். கோயிலில் உடைத்த தேங்காயைப் பற்றியும் சொன்னாள். அப்பா ஒன்றும் கேட்காமல், தனக்குத் தெரிந்த நெல் வாங்கும் கடை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். மூட்டை நிறுக்கிற இடத்தில் எடை எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு வேலை. உமித் தூசி கண்ணைக் கரிக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் ஆம்பிளைகள். அவர்கள் குனிகிறபோது மனம் எங்கும் நிற்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் நெல் கொண்டுவருகிற பெண்கள் உழவு இயந்திரத்திலிருந்து இறங்கும்போது பழைய கண் விழித்துக்கொள்ளும். அவள் துண்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

பெரும்போக அறுவடை நேரம் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை, நான் சாரங்கா."

ராஜினி கடைக்கு வெளியே வந்தாள். உழவு இயந்திரங்கள் வரிசையில் நின்று இரைந்துகொண்டிருந்தன.

"என்ரை கிணத்தடியில ஒரு பிள்ளையைப் படம் எடுத்துப் போட்டிருக்காம். நான்தானாம் எண்டு ஊரில கதைக்கினமாம். மச்சாளின்ரை போனில பாத்தனான். அது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"ஏன் அங்கை போனனீங்கள்?"

"உங்களைப் பாக்க."

"பாத்து?"

 அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை எதையோ கேட்டு அடம்பிடிக்கிற சத்தம் வந்தது. சாரங்கா போனை மறைத்துப் பிள்ளைக்கு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பவும் வந்தாள்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போகுதோ அக்கா?"

"போகுது. இஞ்சை ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது. நான் ஒரு கடையில சமைக்கிறன். பின்பக்கம்தான், வெளியில வரத் தேவையில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களிலை கோவமோ எண்டு கேட்டா, தெரியேல்லை பிள்ளை. அதை நினைக்க நேரமில்லை. இது புது நம்பர். ஆரிட்டையும் குடுக்காதேங்கோ. நீங்களும் அழிச்சுப் போடுங்கோ."

"சரி அக்கா."

"வைக்கிறன்."

ராஜினி போனைப் பார்த்தாள். நம்பர் மேலே நின்றது. அழுத்திப் பிடித்து அழித்தாள். உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். அடுத்த உழவு இயந்திரம் தராசடிக்கு வந்திருந்தது. அவள் முகத்தில் படிந்த உமியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் துண்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.